காலை நிலவரம்: எட்டு

போனைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறான், ஆனால் ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லையே என்றுதானே யோசிக்கிறீர்கள்? உக்கடத்தில் பஸ் கிளம்பியதிலிருந்து நீங்கள் இதை இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். அணைத்து வைத்திருக்கிறேன் சார். பொள்ளாச்சி போய், மத்தியானச் சாப்பாடு முடித்து, திரும்ப பஸ் ஏறும்வரை தொடமாட்டேன். என் மனைவி போட்ட நிபந்தனை. சரியாகச் சொன்னால், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அது நடக்கிற காரியமா? வழியில் எனக்கே ஏதாவது ஆனால்? அணைத்து வைத்த போனும் வீட்டில் கிடக்கிற போனும் ஒன்றுதான். நான் ஆலையில் வேலை பார்த்தவன். கரண்ட் போகாத மோட்டார் வெறும் இரும்பு.

என் பெயர் குழந்தைவேல். சிங்காநல்லூர். பத்தொன்பது வருடம் ஓமானில் இருந்தேன், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில். என்ன வேலை என்று கேட்டால், எழுதுகிற வேலை. ஒரு ஷிஃப்டுக்கு நாலு முறை, எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று லாக் ஷீட்டில் எழுதவேண்டும். நான் எழுதின எண்ணைப் பார்த்துத்தான் பெரிய இஞ்சினியர் வால்வைத் திறப்பார், மூடுவார். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட கன்ட்ரோல் ரூமிலிருந்து கேட்பார்கள், "வேல், ரீடிங் என்ன?" பத்தொன்பது வருடம் யாராவது என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டு வந்தேன். தெய்வானைக்காகத்தான். தெய்வானை என் மனைவி. அவளுக்குச் சரவாங்கி. டாக்டர்கள் முடக்குவாதம் என்பார்கள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, முட்டி வீங்கும், சொம்பைத் தூக்க முடியாது. மகளையும் கட்டிக்கொடுத்து பெங்களூர் அனுப்பியாகிவிட்டது. தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்றுதான் வந்தேன். நாற்பத்தெட்டு வயதில் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு எத்தனை பேர் வருவார்கள், சொல்லுங்கள்.

வந்தவுடன் கேட்டேன், "இதுவரைக்கும் வலியை எதுலயாவது எழுதி வெச்சிருக்கியா?"

"வலியை எதுக்குங்க எழுதி வெக்கறது? அதுதான் மறக்கமாட்டேங்குதே" என்றாள்.

இப்படிப் பேசினால் எப்படி சார் குணமாகும்? அளக்காத எதையும் சரிசெய்ய முடியாது. ஒரு பேரேடு வாங்கினேன். காலை ஏழு மணி, சாயங்காலம் ஏழு மணி. பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்லவேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் பொறுக்கவே முடியாது. முதல் நாள் ஏழு என்றாள். எழுதினேன். அன்றைக்குத்தான் ஊருக்கு வந்து சேர்ந்தமாதிரி இருந்தது.

அப்புறம்தான் குழு. வாட்ஸ்அப் குழு, 'மூட்டோடு மோதுவோம்'. பெயர் நான் வைத்தது. முதலில் ஆஸ்பத்திரியில் பார்த்த எட்டுப் பேர்தான். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. திண்டுக்கல், தஞ்சாவூர், சார்ஜாவில்கூட ஒருவர். தினம் காலையில் ஒரு பதிவு போடுவேன். தலைப்பு, 'காலை நிலவரம்'. கீழே தெய்வானையின் எண், எந்த மூட்டில் வீக்கம், என்ன சாப்பிட்டாள். கூடவே ஒரு போட்டோ. முட்டி, கணுக்கால், விரல், எது வீங்கியிருக்கிறதோ அது. முகத்தை மட்டும் போடமாட்டேன். அது ஒரு மரியாதை. மற்ற ஆண்பிள்ளைகளும் இருக்கிற குழு, இல்லையா?

எத்தனை பேர் பதில் போடுவார்கள் என்கிறீர்கள்! 'தங்கைக்காகப் பிரார்த்திக்கிறேன்.' 'ஐயா, பிரண்டைத் துவையல் கொடுத்துப் பாருங்கள்.' 'உங்களைப்போல் ஒரு கணவர் கிடைக்க தவம் செய்திருக்கவேண்டும்.' இந்தக் கடைசி வரியை ஈரோட்டு அம்மா ஒருவர் போட்டார். தெய்வானையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவிங்களுக்கு ஒரு அஞ்சு நாளைக்கு உங்கள அனுப்பட்டுமா?" என்றாள்.

வேடிக்கையாகப் பேசுவாள். நோயிலும் அந்தக் குணம் போகவில்லை.

ஈச்சனாரி தாண்டிவிட்டதா? சரி. நான் சொல்ல வந்தது என்னவென்றால், புது மருந்து ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் எண் இறங்கியது. ஏழு ஆறானது, ஐந்தானது, ஒரு நாள் மூன்று என்றாள். மூன்று! எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கவேண்டும்! இருந்தது. 'காலை நிலவரம்: மூன்று' என்று பெரிய எழுத்தில் போட்டேன். சார், மொத்தம் ஆறு பேர் பதில் போட்டார்கள். இருநூறு பேரில் ஆறு. அதில் இரண்டு பேர் கும்பிடு. ஒருவர் சம்பந்தமில்லாமல் பிரதோஷ வாழ்த்து. ஏழு வந்த நாளிலெல்லாம் எழுபது எண்பது பேர் வந்த இடம் அது.

அன்றைக்குத்தான் திண்டுக்கல் மாணிக்கவாசகம் ஐயா எழுதினார். ஓய்வுபெற்ற சர்வேயர், எதையும் அளந்துதான் பேசுவார். 'குறைந்ததுபோலத் தோன்றும். நம்பவேண்டாம். என் அத்தைக்கும் இப்படித்தான் குறைந்தது. அதன் பிறகுதான் படுத்தார்.' உடனே போய் தெய்வானையிடம் வாசித்தேன். நோயாளிக்கு உண்மை தெரியவேண்டும் அல்லவா?

அதிலிருந்து நான் கொஞ்சம் கவனமானேன். மூன்று என்றால் அப்படியே எழுதிவிடமாட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு. வலது முட்டி? விரலை மடக்கு பாக்கலாம். மாடிப்படி ஏறினப்ப?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் அவளுக்குத் தேவையான வீடியோக்களைப் போட்டுக் காட்டுவேன். வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள் அல்லவா, அதைப் பற்றி ஒருவர் நாற்பது நிமிடம் பேசியிருந்தார், கல்லீரல் என்ன ஆகும், முடி எப்படிக் கொட்டும் என்று. செவ்வாய்க்கிழமை அந்த வீடியோவைப் பார்த்தாள். புதன்கிழமை வயிறு பிரட்டுகிறது என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். பாருங்கள், அந்த மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்!

அப்புறம் எண் ஏறியது. புரட்டாசியில் ஒரு நாள் காலையில் நான் பேனாவோடு போய் நின்றேன். "இன்னைக்கு எத்தன?" என்றேன்.

என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "எட்டுங்க" என்றாள்.

மனசு உடைந்துவிட்டது. ஆனாலும் எழுதினேன், குழுவில் போட்டேன். தொண்ணூற்றிரண்டு பதில். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் விளக்கம் எழுதி நிமிர்ந்தால் மணி ஒன்பதேகால். ஹாலில் கம்ப்யூட்டர் மேஜை, காதில் ஹெட்போன், குரல் பதிவு போடுகிறவர்கள் வேறு உண்டே. அடுத்த நாளும் எட்டு. அதற்கடுத்த நாளும் எட்டு. நாலு மாதம் சார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு. ஏன் ஞாயிற்றுக்கிழமை குறைகிறது என்று குழுவில் ஒரு விவாதமே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் இஞ்சி அதிகம் போடுவதால் இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தோம்.

அந்தச் சமயத்தில் டாக்டரை வீடியோவில்தான் பார்த்தோம். எட்டு வலியோடு அவளை அவ்வளவு தூரம் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகவேண்டாம் என்று நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். டாக்டர் ஃபர்ஹானா, நல்ல டாக்டர். தெய்வானையிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "மேடம், எல்லாம் சார்ட்ல இருக்கு" என்று அனுப்பிவைத்தேன். வண்ணக்கோடு போட்ட சார்ட். பார்த்தவர் அசந்துபோனார். "இவ்வளவு தெளிவா யாரும் குறிச்சு அனுப்பினதில்ல சார்" என்றார். என் எண்ணைப் பார்த்துத்தான் ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து மில்லிகிராமிலிருந்து பதினைந்தாக ஏற்றினார். பழைய மாதிரி இருந்தது சார். நான் எழுதுகிறேன், அங்கே வால்வு திறக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனோம். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். உண்மைதான், கன்னமெல்லாம் உப்பி, கண் சின்னதாகி இருந்தது. ஸ்டீராய்டு அப்படிச் செய்யுமாம். எனக்கு எப்படித் தெரியும்? முகம் லாக் ஷீட்டில் இல்லை. சர்க்கரை வேறு இருநூற்று நாற்பது. ரத்தத்தில் வாதத்தின் அளவு மட்டும், கேளுங்கள், நார்மல். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து தெய்வானையின் விரல், மணிக்கட்டு, முட்டி என்று ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து அழுத்தினார்.

"இங்க வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

இருபத்தெட்டு மூட்டு. நான் எண்ணினேன். ஒன்றில்கூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. "மேடம், பயத்துல சொல்றா. வீட்டுல எட்டு" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

இருபது நிமிடம். கதவு மூடியிருந்தது. உள்ளே தெய்வானை சிரிக்கிற சத்தம் ஒரு தடவை கேட்டது. சும்மா இருப்பானேன் என்று குழுவில் போட்டேன்: 'உள்ளே பரிசோதனை நடக்கிறது. பிரார்த்தியுங்கள்.'

டாக்டர் வெளியே வந்து சொன்னார், "மாத்திரைய மெதுவா கொறைக்கப் போறோம். ஸ்டீராய்டு, அதனால டக்குனு நிறுத்தக்கூடாது. இன்னொன்னு சார். இனிமே நம்பர நான் கேட்டுக்கறேன். நீங்க கேக்கவேண்டாம்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது கேட்டேன். கோபப்படவில்லை சார், நியாயமாகத்தான் கேட்டேன். "ஏன் தெய்வானை, வலியே இல்லையா?"

"இருக்குதுங்க. ஒண்ணு, ரெண்டு. மழை வந்தா மூணு."

"அப்புறம் எதுக்கு எட்டுன்ன?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணுன்னா முக்கா மணி நேரம் கேள்வி கேப்பீங்க. எட்டுன்னா உடனே போய் உக்காந்துக்குவீங்க, ரெண்டு மணி நேரம் எந்திரிக்கமாட்டீங்க. ஒம்பதுன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு விட்டுட்டேன். எட்டுதான் தோதா இருந்துச்சு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் குரலைத் தணித்துக் கேட்டேன்.

"அந்த ரெண்டு மணி நேரம் என்ன பண்ணுவ?"

"மேல் வீட்டு லில்லி டீச்சர் இருக்காங்கல்ல, அவிங்க வண்டிய எடுத்துட்டுக் கொளத்து மேட்டுக்குப் போவோம். ஸ்கூட்டி பழகறேன். இப்ப ரவுண்டானா வரைக்கும் போய்ட்டு வந்தர்றேன். ஞாயித்துக்கெழம டீச்சர் கோயிலுக்குப் போயிருவாங்க. அன்னைக்கு நான் வீட்டுலதான்."

ஞாயிற்றுக்கிழமை ஏழு! இஞ்சி இல்லை சார், மாதா கோயில்.

நீங்களே சொல்லுங்கள். 'உங்கள் தங்கையால் இன்று டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை' என்று நான் கண்கலங்க எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் அவள் குளத்து மேட்டில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மனுஷனின் நாலு மாத லாக் ஷீட்! ஆலையில் இப்படிப் பொய் எண் கொடுத்தால் அன்றைக்கே விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மாத்திரையக் கூட்டிட்டாங்களே" என்றேன்.

"அதுதான் எனக்குப் புரியாமப் போச்சு" என்றாள். "கூடுதலாக் குடுத்தது வேற ஏதோ புது மாத்திரைன்னு நெனச்சேன். நான் சொன்ன எட்டுக்காகக் கூட்டினாங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க? டாக்டரம்மா எங்கிட்ட பேச ஆரம்பிச்சா நீங்க சார்ட்ட நீட்டினீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என்ற முட்டிய இருநூறு பேரு பாத்திருக்காங்க. நீங்க என்ற மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு?"

தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், ஒரே வீட்டில் இருக்கிறவன்!

இரண்டாவது நாள் அவள் தங்கச்சி ரேணுகா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. ஒரு மாதம் என்று போனவள், இப்போது நாலு மாதம். தோப்பு வீட்டில் சிக்னலே கிடையாது சார். ஒரு நோயாளியை வைத்துக்கொள்கிற இடமா அது? வாரம் ஒரு நாள் ரோட்டுக்கு வந்து ரேணுகாவின் போனில் பேசுவாள். சர்க்கரை இறங்கிவிட்டதாம். ஸ்டீராய்டு பழையபடி ஐந்துக்கு வந்துவிட்டதாம். நல்ல தண்ணீர், நல்ல காற்று. அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

போன வாரம்தான் சொன்னாள், "ஞாயித்துக்கெழம வாங்க. போன் இல்லாம வாங்க. உக்காந்து சாப்புடலாம், பேசலாம். சரியா வந்துச்சுன்னா உங்களோடயே பஸ் ஏறிர்றேன். இல்லீன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். இதுக்கு மேல என்னால எண்ணு சொல்ல முடியாதுங்க." பை கட்டி வைத்திருக்கிறாள் என்று ரேணுகா சொன்னாள். திரும்பும்போது அவளுக்கு ஜன்னல் ஓரம் பிடிக்கவேண்டும். பின் சீட் ஆகாது, குலுக்கும்.

குழுவா? குழு நடக்கிறது. எப்படி நிறுத்துவது? காலை ஏழு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவள் போன மறுநாளும் 'எட்டு' என்றுதான் போட்டேன். என்ன செய்வது, ஒரே நாளில் எட்டிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் யார் நம்புவார்கள்? டாக்டரே சொன்னாரே, டக்கென்று நிறுத்தக்கூடாது, மெதுவாகக் குறைக்கவேண்டும் என்று. நானும் அப்படித்தான் குறைக்கிறேன். எட்டு, ஏழரை, ஏழு. இன்றைக்குக் காலையில் ஆறு. பழைய போட்டோக்கள் நிறைய இருக்கின்றன, அதில் வீக்கம் கம்மியாக இருக்கிறதைப் பார்த்துப் போடுகிறேன். தீபாவளிக்குள் மூன்றுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

பொய் என்று சொல்லாதீர்கள் சார். இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு நீங்களும் அப்படிச் சொன்னால் எப்படி? எங்கள் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடம் இல்லாதவனை யாருக்குத் தெரியும்? பால்காரர்கூட 'தெய்வானைக்கா வீடு' என்றுதான் சொல்வார். காலையில் ஏழு மணியானால் இந்தப் போனில்தான் கேட்கிறார்கள், 'ஐயா, இன்றைய நிலவரம் என்ன?' ஒரு நாள் ஐந்து நிமிடம் தாமதமானால் மாணிக்கவாசகம் ஐயா கூப்பிட்டேவிடுவார். என் மகள் வாரத்துக்கு ஒரு முறைதான் கூப்பிடுகிறாள்.

கிணத்துக்கடவு போய்விட்டதா! பேச்சில் தெரியவே இல்லை. நீங்கள் அப்போதிலிருந்து வலது முட்டியைத் தடவிக்கொண்டே வருகிறீர்கள், கவனித்தேன். படி ஏறும்போதா, இறங்கும்போதா? சும்மா ஒரு எண் சொல்லுங்களேன், பூஜ்யத்திலிருந்து பத்துவரை. சரி, சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். பிறகு தோன்றினால் சொல்லுங்கள், குழுவில் சேர்த்துவிடுகிறேன்.

இன்றைக்கு நான் நன்றாகத்தான் நடந்துகொள்ளப் போகிறேன். என்ன பேசுவது என்று நேற்றே யோசித்து வைத்துவிட்டேன். எண் கேட்கமாட்டேன். மாத்திரை பற்றிக் கேட்கமாட்டேன். முகத்தைப் பார்த்துப் பேசுவேன். 'எப்படி இருக்க தெய்வானை?' அவ்வளவுதான். வாங்கிவந்த மைசூர்பாகைக் கொடுத்துவிட்டு... சர்க்கரை இருக்கிறதே. சரி, ரேணுகாவுக்கு.

இதோ, பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. சகலை வருகிறேன் என்றார், வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். காணோமே. அங்கே பாருங்கள் சார், அந்த ஸ்கூட்டியை! பஸ்ஸுக்கு முன்னாலேயே வெட்டிக்கொண்டு வருகிறது, என்ன தைரியம்! யாரோ ஒரு பொம்பளை. ஓரமாக நிறுத்திவிட்டாள். ஸ்டாண்டை ஒரே மிதியில் போட்டாள், பார்த்தீர்களா? அந்த மிதிக்குக் கணுக்காலில் எவ்வளவு பலம் வேண்டும் தெரியுமா? எங்கள் குழுவில் பாதிப் பேரால் முடியாது. எத்தனை போட்டோ எடுத்திருக்கிறேன், கணுக்காலைப் பார்த்தாலே என்னால் சொல்லிவிட...

சார். அது தெய்வானையின் கால்.

ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். அவள்தான். என்ன நடை நடக்கிறாள், பாருங்கள்! கொஞ்சம்கூட இழுக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள், என்னைத்தான் தேடுகிறாள்.

இல்லை சார், தொடமாட்டேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஆனால் இதை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள். இந்த நடையைப் பார்த்தபிறகு ஆறிலிருந்து இரண்டுக்கு ஒரே நாளில் இறக்கிவிடலாம். நாளையோடு பொய்யே இல்லை. எல்லாம் சுத்தமாகிவிடும். அவளுக்கும் அதுதானே வேண்டும்?

நிபந்தனை எனக்குத்தான், உங்களுக்கு இல்லையே. இந்தாருங்கள், பிடியுங்கள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் உயிர் வந்துவிடும். ஜன்னல் வழியாகவே எடுக்கலாம், வெளிச்சம் நன்றாக இருக்கிறது. சீக்கிரம் சார்.

பார்த்துவிட்டாள். நம் ஜன்னலைத்தான் பார்க்கிறாள். அட, ஏன் அங்கேயே நின்றுவிட்டாள்? இன்னும் நாலு அடி நடந்தால் போதுமே.

நீங்கள் எடுங்கள் சார். முகம் வேண்டாம். கால் மட்டும்.